ஏற்காட்டுத் தங்கும் வீடுகளுக்கு எந்தப் பல்கலைக்கழகம்: மலையடிவாரத்தில் இருப்பதா, சென்னையில் இருப்பதா?

கொண்டை ஊசி (ஏற்காடு) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களுக்குள் இருக்கும் பழைய பங்களாக்களையும் தனி வீடுகளையும் உரிமையாளர்களிடமிருந்து பொறுப்பேற்று, முன்பதிவு தொடங்கித் துப்புரவு, சலவை, சமையல், கணக்கு வரை பார்த்துக்கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இப்போது எங்கள் பொறுப்பில் 23 வீடுகள் உள்ளன. லூப் ரோட்டை ஒட்டிச் சில, நாகலூர்ப் பக்கம் சில, மஞ்சக்குட்டை வழியில் சில என்று அவை சிதறிக் கிடக்கின்றன. முன்பதிவைப் பார்ப்பவர்கள் சேலம் ஐந்து ரோட்டில் ஓர் அறையில் இருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் மலைமேல்.

எனக்கு இரண்டு சிக்கல்கள். முதலாவது வாடகை நிர்ணயம். மே மாதத்திலும் தொடர் விடுமுறைகளிலும் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமைகளில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. எந்த நாளுக்கு என்ன வாடகை என்பதை இன்றுவரை மனக்கணக்கில்தான் முடிவு செய்கிறேன். இரண்டாவது துப்புரவு வண்டியின் பாதை. ஒரு விருந்தினர் காலை 11 மணிக்கு வீட்டை ஒப்படைக்கிறார், அடுத்தவர் பகல் 1 மணிக்கு வந்து நிற்கிறார். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆறேழு வீடுகளில் விரிப்பு மாற்றி முடிக்க வேண்டும். மழைக்காலத்தில் மலையில் துணி காய்வதில்லை என்பதால், அழுக்குத் துணி மூட்டை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குப் போய் வெளுத்து, மறுநாள்தான் மேலே வருகிறது.

இவை இரண்டும் புள்ளியியலும் செயல்முறை ஆய்வும் படித்தவர்கள் தீர்க்கக்கூடிய சிக்கல்கள் என்று நம்பி, மூன்று ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் உள்ள கல்வி நிறுவனம் ஒன்றுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டேன். சால்வை போர்த்தினார்கள், புகைப்படம் எடுத்தார்கள். அதன்பின் மாணவர்கள் இரண்டு முறை வந்து ஏரியில் படகு விட்டுப் போனார்கள். இறுதியில் கைக்கு வந்த 60 பக்க அறிக்கை, கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்த கதையில் தொடங்கி, சுற்றுலாவின் முக்கியத்துவத்தை விளக்கி, பணியாளர்களுக்குப் பயிற்சி தேவை என்று முடிந்தது. என் வாடகைப் பட்டியலைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் மூலம் சென்னைப் பேராசிரியர் ஒருவர் அறிமுகமானார். அவர் ஏற்காட்டுக்கு வந்ததே இல்லை. இரண்டு காணொலிப் பேச்சு, நான்கு ஆண்டு முன்பதிவுக் கணக்கு, அவ்வளவுதான். ஆறு வாரங்களில் நாள்வாரி வாடகை அட்டவணை ஒன்றைத் தந்தார். அதைப் பயன்படுத்திய பிறகு வார நாட்களில் வீடுகள் நிரம்புவது கண்கூடாகத் தெரிகிறது. ஆனால் அவரே துப்புரவு வண்டிக்குப் போட்டுத் தந்த பாதை மூன்றாம் நாளே கைவிடப்பட்டது. வரைபடத்தில் 4 கிலோமீட்டர் என்று இருப்பது இங்கே பனி மூடினால் முக்கால் மணி நேரம் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

அடுத்த ஓராண்டுக்கு இதற்கென்று 2 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அதை மலையடிவாரத்தில், ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் இருப்பவர்களுடன் செலவிடுவதா, 340 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களுடன் செலவிடுவதா? இத்தகைய கூட்டு முயற்சிகளுக்குத் தூரம் உண்மையிலேயே தடைதானா, அல்லது நாம் சொல்லிக்கொள்ளும் சாக்கா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.


பழைய கரும்பலகை (சேலம், அழகாபுரம்) எழுதியது:

அன்புள்ள நண்பருக்கு வணக்கம். மேலாண்மைத் துறையில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் 60 பக்க அறிக்கையைப் போல எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்திட்ட குற்றமும் எனக்கு உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

தூரம் தடையா என்ற கேள்வியை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த தாமஸ் ஆலன், ஆய்வுக்கூடங்களில் வேலை செய்யும் பொறியாளர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு அடிக்கடி தொழில்நுட்ப விஷயம் பேசுகிறார்கள் என்று அளந்து 1977இல் வெளியிட்டார். இருக்கைகளுக்கு நடுவே 50 மீட்டர் இடைவெளி வந்துவிட்டாலே பேச்சு ஏறக்குறைய நின்றுபோகிறது என்பது அவர் கண்டது. ஒரே கட்டடத்துக்குள்ளேயே கதை இப்படி. பிறகு 1993இல் ஆடம் ஜாஃபே, மானுவல் டிராட்டன்பெர்க், ரெபெக்கா ஹெண்டர்சன் ஆகிய மூவரும் காப்புரிமை ஆவணங்களைப் பரிசீலித்து, ஓர் இடத்தில் பிறந்த கண்டுபிடிப்பை அதே வட்டாரத்தில் இருப்பவர்களே கூடுதலாக மேற்கோள் காட்டுகிறார்கள் என்று காட்டினார்கள். அறிவு காற்றில் பரவும் பொருள் என்று அதுவரை எழுதிக்கொண்டிருந்த பொருளாதார நூல்களுக்கு இது ஒரு குட்டு.

ஆனால் இந்தச் சான்றுகளை உங்கள் தொழிலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. காரணம், அவற்றில் பெரும்பகுதி காப்புரிமையை வைத்து அளந்தவை. துப்புரவு வண்டி போகும் பாதைக்கும் வாடகை போடும் முறைக்கும் யாரும் காப்புரிமை எடுப்பதில்லை. எடுக்க முயன்றாலும் நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(k) பிரிவு வணிக முறைகளுக்கு இடம் தருவதில்லை. சேவைத் தொழில்கள் பல்கலைக்கழகத்திடம் கற்றுக்கொள்வது இதனால் புள்ளிவிவரத்தில் தடம் பதிக்காமலே நடக்கிறது, அல்லது நடக்காமலே போகிறது.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவருக்கு மாவின் வெண்மையில் சந்தேகம் வந்தால், அரைக் கிலோவைப் பையில் கட்டிப் பேருந்துப் பார்சலில் போட்டுவிடலாம். கோயம்புத்தூர் ஆய்வகம் என்றாலும் சென்னை ஆய்வகம் என்றாலும் அந்தப் பை அங்கே போய்ச் சேர்ந்ததும் சிக்கல் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். உங்கள் சிக்கலை எந்தப் பையில் கட்டுவீர்கள்? விருந்தினர் 11 மணிக்குக் கிளம்பாமல் காப்பி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், பணிப்பெண்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவதும், பனி இறங்குவதும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் மட்டுமே இருக்கின்றன. சேவை என்பது தயாராகும் இடத்திலேயே நுகரப்பட்டுவிடுகிறது. எனவே அதை ஆராய வேண்டியவர் அது நடக்கும் இடத்துக்கு வந்தே தீர வேண்டும்.

அப்படியானால் சென்னைப் பேராசிரியரின் வாடகை அட்டவணை எப்படி வெற்றி பெற்றது? உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வாடகைச் சிக்கல் ஏற்கெனவே எண்களாகிவிட்டது: தேதி, வீடு, தொகை, நிரம்பியதா இல்லையா. எண்ணாகிவிட்ட சிக்கலுக்கு 35 கிலோமீட்டரும் 340 கிலோமீட்டரும் ஒன்றுதான். துப்புரவுப் பாதைச் சிக்கலோ துப்புரவு ஆட்களை மேற்பார்க்கும் உங்கள் மேஸ்திரியின் தலைக்குள் இருக்கிறது. அவர் அதை எழுதியும் வைக்கவில்லை, கேட்டால் சொல்லத் தெரியுமா என்பதும் ஐயமே. ஒரே பேராசிரியர், ஒரே தொழில், ஒரே தூரம். ஒன்று தேறியது, மற்றது தேறவில்லை. இவ்வளவு துப்புரவான ஒப்பீடு ஆய்வேடுகளிலேகூட எளிதில் கிடைக்காது.

தரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லார்சன், ரைக்ஸ்டீன், சால்ட்டர் ஆகியோர் பிரிட்டிஷ் நிறுவனங்களைப் பற்றி 2011இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் இருப்பது சாதாரணப் பல்கலைக்கழகமாக இருந்தால், நிறுவனங்கள் அதைத் தாண்டித் தொலைவில் உள்ள சிறந்த பல்கலைக்கழகத்தை நாடுகின்றன என்று கண்டார்கள். டச்சு அறிஞர் ரான் போஷ்மா 2005இல் நெருக்கத்தை ஐந்தாகப் பிரித்தார்: இடம், அறிவு, அமைப்பு, பழக்கம், நடைமுறை விதிகள். இடத்தால் நெருங்கியிருப்பது மற்ற நான்கும் கூடிவர உதவலாமே தவிர, அதுமட்டும் போதாது. உங்களுடைய முதல் ஒப்பந்தத்தில் இடம் மட்டும்தான் நெருங்கியிருந்தது என்று படுகிறது.

என் யோசனை: வாடகைக் கணக்கைச் சென்னையிலேயே விடுங்கள். பாதைச் சிக்கலுக்கு மலையில் பத்துப் பதினைந்து நாளாவது தங்கி, வண்டியில் ஏறி உட்கார்ந்து வரக்கூடியவரைத் தேடுங்கள். அவர் எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் என்பது இரண்டாம் கேள்வி.


சங்ககிரி புக்கிங் எழுதியது:

ஐயா சொன்னதை என் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்கிறேன். என் மாமனார் தொடங்கிய லாரி புக்கிங் அலுவலகத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். எங்களிடம் சொந்த லாரி நான்குதான். பிறருடைய லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுப்பதே முக்கியமான தொழில்.

எங்கள் ஊரைச் சுற்றி 40 கிலோமீட்டருக்குள் எத்தனை கல்லூரிகள் இருக்கின்றன என்று எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதாது. ஆண்டுதோறும் எம்பிஏ மாணவர்கள் வருவார்கள். கையில் ஒரு வினாத்தாள் இருக்கும். “மிகவும் உடன்படுகிறேன்” முதல் “சிறிதும் உடன்படவில்லை” வரை ஐந்து கட்டங்கள். ஓட்டுநர் அண்ணன் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “அம்மிணி, இதுல வாடகை பாக்கி எப்ப வரும்னு எங்கீங்க போட்டிருக்கு?” என்று கேட்டார். மாணவர்கள் காலை 11 மணிக்கு வந்து மதியம் 1 மணிக்குப் போய்விடுவார்கள். எங்கள் தொழில் சூடு பிடிப்பதோ இரவு ஏழு மணிக்கு மேல். லோடு விவரம் வருவது, வாடகை பேசுவது, ஓட்டுநரை எழுப்புவது எல்லாம் அப்போதுதான். 20 நிமிடத் தொலைவில் இருந்தும் அவர்கள் எங்கள் தொழிலைப் பார்த்ததே இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் வந்தான். அவன் படித்தது வெளிமாநிலத்தில், இங்கிருந்து ஒரு நாள் ரயில் பயணம். ஆனால் அவனுடைய அப்பா இதே ஊரில் லாரி ஓட்டியவர். கோடை விடுமுறையில் 40 நாட்கள் இரவு இரவாக எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ரிட்டர்ன் லோடு கிடைக்காததால்தான் லாரிகள் வெளியூரில் நிற்கின்றன என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவன் ட்ரிப் ஷீட்டுகளை அடுக்கிப் பார்த்துவிட்டு, பாதிச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது என்றான். சரக்கு இறக்கிய இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தரும் சீட்டு எங்கள் கைக்கு வந்து சேர்ந்தால்தான் பாக்கி வாடகை கிடைக்கும். அந்தச் சீட்டுகளை ஓட்டுநர்கள் ஊர் திரும்பும் வரை சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்கள். பணம் முடங்கியதால் டீசலுக்குக் கையைப் பிசைந்தோம். அதனால் வந்த லோடையும் விட்டோம். இறக்கிய இடத்திலேயே சீட்டைப் படம் பிடித்து அனுப்பி, கூரியரில் போட்டுவிட வேண்டும் என்ற ஒரே மாற்றத்தில் வசூல் இரண்டு வாரம் முன்னதாக வரத் தொடங்கியது.

படித்த இடம் தொலைவு, ஆனால் அவன் எங்கள் ஆள். பேராசிரியர் ஐயா சொன்ன ஐந்தில் “பழக்கம்” என்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அண்ணா, உங்கள் ஏற்காட்டுப் பிள்ளைகள் யாராவது வெளியூரில் இந்தப் படிப்பு படிக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். காப்பித் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்தும் இப்போது பிள்ளைகள் எங்கெங்கோ போய்ப் படிக்கிறார்கள்.

இன்னொன்று, நிறுவனத்தின் பெயரில் ஆலோசனைக் கட்டணம் கொடுத்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். உங்கள் 2 லட்சம் அதையும் சேர்த்தா, தனியாகவா என்று இப்போதே முடிவு செய்து கொள்ளுங்கள். நான் கேட்காமல் விட்டுப் பிறகு தலையில் கை வைத்தேன்.


ஜாகீர் அம்மாபாளையம் எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லோரும் அருகாமையை ஓர் நன்மையாகவே வைத்துப் பேசுகிறார்கள். அது தீமையாகவும் முடியும் என்பதை யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

மருத்துவமனைகளுக்கு பில்லிங், காப்பீட்டுக் கோரிக்கை ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் பங்குதாரராக இருக்கிறேன். உள்ளூர்க் கல்லூரி ஒன்றின் ஆசிரியரோடு சேர்ந்து, எந்தக் கோரிக்கைகள் ஏன் நிராகரிக்கப்படுகின்றன என்பதை ஆராயத் தொடங்கினோம். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் அவருடைய மைத்துனர் எங்களோடு போட்டியிடும் நிறுவனத்தில் மேலாளர் என்பது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எதுவும் கசிந்ததாகச் சொல்ல என்னிடம் சான்று கிடையாது. கசியவில்லை என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியவில்லை. சேலம் மாநகராட்சிதான், ஆனாலும் ஒரே தொழிலில் இருப்பவர்கள் வாரம் ஒரு முறையாவது ஏதோ ஒரு திருமண மண்டபத்தில் சந்தித்துக்கொள்ளும் அளவுக்குத்தான் ஊர் பெரியது. பொருள் உற்பத்தி செய்பவருக்கு எந்திரமாவது சொத்தாக இருக்கிறது. சேவைத் தொழிலில் யார் வாடிக்கையாளர், யாருக்கு என்ன விலை என்பதே முழுச் சொத்து. அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் திறந்து காட்டத் துணிவு வேண்டும். பிறகு பெங்களூருவில், 200 கிலோமீட்டர் தள்ளி உள்ள நிறுவனம் ஒன்றிடம் போனோம். அவர்களுக்கு எங்களையும் தெரியாது, எங்கள் போட்டியாளரையும் தெரியாது. அதுவே எங்களுக்கு வசதியாக இருந்தது.

பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் தானாகக் கூடிவிடும் என்ற நம்பிக்கையும் எனக்குக் குறைவு. கருப்பூர்ப் பகுதியில் அரசுப் பொறியியல் கல்லூரி 1966 முதல் இருக்கிறது. பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் வந்தது. 2024இல் நியோ டைடல் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்காவையும் அதே பகுதியில் திறந்திருக்கிறார்கள். வரைபடத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பூங்காவில் இருக்கும் நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் வேறு நாடுகளில் இருக்க, பாடத்திட்டம் வேறு கணக்கில் ஓடினால், நடுவே இருக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் யாருக்கு என்ன செய்துவிடும்?

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது: முன்பதிவுக் கணக்கை யாரிடம் கொடுத்தாலும் விருந்தினர் பெயர், கைபேசி எண், அடையாள அட்டை விவரம் ஆகியவற்றை நீக்கிவிட்டுக் கொடுங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்காரரிடம் அப்படி நீக்கித்தான் கொடுத்தீர்களா?


கொண்டை ஊசி எழுதியது:

நீக்காமல்தான் கொடுத்தேன். நேற்றே அவருக்கு எழுதிப் பழைய கோப்பை அழித்துவிடச் சொல்லிவிட்டேன். சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

போட்டியாளரைப் பற்றிய அச்சம் எனக்கு அவ்வளவாக இல்லை. ஏற்காட்டில் யார் வீட்டில் எத்தனை வண்டி நிற்கிறது என்பது சாலையில் போகிறவர்களுக்கே தெரியும். சங்ககிரி அம்மா சொன்னபடி விசாரித்ததில், செம்மநத்தத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் கோயம்புத்தூரில் புள்ளியியல் முதுகலை படிக்கிறார் என்று தெரிந்தது; பேசிப் பார்க்கிறேன். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் மூன்று ஆண்டுகளில் ஏன் ஒரு முறைகூட ஒழுங்காக மேலே வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. ஒரு மணி நேரப் பயணம்தானே?


கருப்பூர் ஆய்வு மாணவி எழுதியது:

அண்ணா, அந்தக் கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து நான் பதில் சொல்லலாம். சேலத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். கூடவே வகுப்பும் எடுக்கிறேன்.

உங்கள் இடத்துக்கு ஒரு மணி நேரம் என்பது சொந்தக் கார் இருப்பவரின் கணக்கு. வளாகத்திலிருந்து புதிய பேருந்து நிலையம் வந்து, ஏற்காட்டுப் பேருந்தைப் பிடித்து, ஏரியருகே இறங்கி, அங்கிருந்து நாகலூருக்கு இன்னொரு வண்டி பிடித்தால் அரை நாள் போய்விடும். திரும்பவும் அதே அரை நாள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பில் நிற்க வேண்டும். அதற்கு மேல் தேர்வுப் பணி, மதிப்பீட்டுக் குழு வரும்போது கோப்பு தயாரித்தல் எல்லாம் இருக்கின்றன. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. உங்கள் துணி மூட்டை ஒரு நாள் முன்னதாக மேலே வந்து சேர்ந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியாது. சென்னைப் பேராசிரியர் வாடகைக் கணக்கை எடுத்துக்கொண்டதற்கு அதில் ஒரு கட்டுரை ஒளிந்திருப்பதும் காரணமாக இருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை, அவர் இடத்தில் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை யாரும் குறிப்பிடவில்லை. எங்கள் முதுகலை மாணவர்கள் களப்பணிக்குப் புறப்படுவது ஜனவரியில். அறிக்கையை ஒப்படைப்பது மார்ச் கடைசியில் அல்லது ஏப்ரல் தொடக்கத்தில். பிறகு தேர்வு, விடுமுறை. உங்கள் நெருக்கடி தொடங்குவதோ ஏப்ரல் கடைசியில். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது உச்சத்தில் நிற்கிறது. அதாவது, ஆராய வேண்டிய கூட்டம் மலையேறும் முன்பே ஆராய்ச்சி முடிந்து பைண்டிங்கும் ஆகிவிடுகிறது. உங்களிடம் வந்த மாணவர்கள் பிப்ரவரி மாதத்தில், வார நாளில், காலியாக இருந்த வீடுகளைப் பார்த்திருப்பார்கள். காக்பர்னைப் பற்றி எழுதாமல் அவர்கள் வேறு என்ன எழுதுவார்கள்?

தொழிற்சாலை என்றால் பிப்ரவரியிலும் அதே எந்திரம்தான் ஓடும். பருவத்தை நம்பியிருக்கும் சேவைத் தொழிலில் மாணவர் வரும் வாரம் மாறினால் ஆராயும் பொருளே மாறிவிடுகிறது. நான் ஒரு முறை மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் மலையிலிருந்து இறங்கி இருக்கிறேன். அடிவாரம் வருவதற்குள் இருட்டிவிட்டது. அன்று குப்பனூர் வழியாக இறங்கியிருந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம் என்று ஓட்டுநர் சொன்னார். உங்கள் துணி வண்டி எந்த வழியில், எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதைக்கூட அந்த வாரத்தில் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

எனவே ஒப்பந்தம் போடுவதானால் துறையோடு போடுங்கள், அதில் ஏப்ரல் 20 முதல் மே 31 வரை என்று தேதி எழுதுங்கள், தங்குமிடமும் உணவும் உங்கள் பொறுப்பு என்று எழுதுங்கள். பயணப்படியை மாணவர் கையில் கொடுங்கள். சால்வை வேண்டாம்.


பழைய கரும்பலகை எழுதியது:

மாணவி சொன்ன நாட்காட்டிக் கணக்கை 31 ஆண்டுகளில் நான் ஒரு முறைகூட எண்ணிப் பார்க்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவர் சொன்னதற்கு வலுச் சேர்க்க இரண்டு செய்திகள். பிரிட்டனில் 1975இல் தொடங்கிய ஒரு திட்டம் இப்போது அறிவுப் பரிமாற்றக் கூட்டு என்ற பெயரில் நடக்கிறது. பல்கலைக்கழகம் பட்டதாரி ஒருவரை வேலைக்கு எடுத்து நிறுவனத்துக்குள்ளேயே உட்கார வைக்கும். பேராசிரியர் அவ்வப்போது போய்ப் பார்ப்பார். காலம் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. பேராசிரியரின் தூரத்தை இந்தப் பட்டதாரி ஈடு செய்துவிடுகிறார். பிரான்சின் ஆந்த்ரே டோர் இதையே “தற்காலிக அருகாமை” என்று கோட்பாடாக எழுதியிருக்கிறார்: கூட்டு முயற்சிக்கு எப்போதும் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை, தொடங்கும்போதும் சச்சரவு வரும்போதும் ஒரே இடத்தில் இருந்தால் போதும்.

சென்னைப் பேராசிரியரையும் ஒரே ஒரு முறை வரவழையுங்கள். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் சேலத்தில் இறங்கிவிடலாம். அந்த ரயில் பெயரைப் பார்த்து மலைமேல் போகும் என்று நம்பி ஈரோடு வரை போய்விட்ட விருந்தாளி ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அதனால் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.


கொண்டை ஊசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு இது. வாடகைக் கணக்கு சென்னையிலேயே தொடரும், பெயர்கள் நீக்கிய கோப்போடு. அதற்கு 70,000 ரூபாய், வரி உட்பட. மீதியைத் துப்புரவுப் பாதைக்கு வைத்திருக்கிறேன். செம்மநத்தத்துப் பெண்ணிடம் பேசினேன். அவருக்கு மே மாதம் முழுவதும் விடுமுறை, வீடும் மலையிலேயே. அவரோடு சேலத்திலிருந்து இருவர் வந்தால், ஒருவர் துணி வண்டியில், ஒருவர் மேஸ்திரியோடு, ஒருவர் ஐந்து ரோட்டு அறையில் என்று பிரித்துக்கொள்ளலாம். கரும்பலகை ஐயா, நீங்கள் தொடக்கத்தில் இரண்டு நாள் வந்து, மேஸ்திரியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டித் தர முடியுமா?

ஒரே ஒரு தயக்கம். மே மாதத்தில் 23 வீடுகளும் நிரம்பியிருக்கும். நாகலூர்ச் சலவைக் கிடங்குக்குப் பின்னால் மேஸ்திரி தங்கும் அறைக்குப் பக்கத்து அறை மட்டும்தான் காலி. வெந்நீர் இருக்கிறது, ஜன்னல் சரியாகச் சாத்தாது.


கருப்பூர் ஆய்வு மாணவி எழுதியது:

மேஸ்திரி அறைக்குப் பக்கத்து அறை என்றால் அதையே கொடுங்கள் அண்ணா. மாலையில் அவர் டீ குடிக்கும்போது பேசலாம். எங்கள் துறையில் இரண்டு பேரின் பெயரைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன். கம்பளி மட்டும் கூடுதலாக வையுங்கள்.